வளையலும் தேய்ந்த செருப்பும்

கேள்வி: ரோட்டரி என்ஜினில் பிஸ்டனுக்குப் பதில் முக்கோணம் சுற்றுமாம். மூன்று மூலையும் சுவரைத் தொட்டபடியே எப்படிச் சுற்றும்? அவ்வளவு நல்லதென்றால் ஏன் எல்லா வண்டியிலும் இல்லை? (படகு என்ஜின் பழுது பார்க்கும் வாசகர், குளச்சல்)

பதில்: தக்கலையில் லேத் வைத்திருந்த காலத்தில் எனக்கும் இதே குடைச்சல்தான். கடைசியில் வளையல்தான் கைகொடுத்தது.

2.6 அளவு பிளாஸ்டிக் வளையலுக்கு உள்விட்டம் கிட்டத்தட்ட 6 செ.மீ. தேய்ந்த ரப்பர் செருப்பின் குதிகாலில் 4 செ.மீ. வட்டம் வெட்டித் தாளில் ஒட்டுங்கள். வளையலின் மேல் சமபக்க அட்டை முக்கோணத்தை நடு பொருந்த ஒட்டி, நடுவிலிருந்து 7 செ.மீ. தள்ளி மூலையில் பென்சில் நுழையத் துளை போடுங்கள். வளையலுக்குள் செருப்பு வட்டம் இருக்கும்படி வைத்து, வழுக்காமல் உருட்டுங்கள். 16 செ.மீ. நீளம், 12 செ.மீ. அகலத்தில், இடுப்பு லேசாக ஒடுங்கிய கோடு விழும். மற்ற இரண்டு மூலைகளும் அதே கோட்டில்தான் போகும். அதுதான் என்ஜினின் உள்சுவர். (கண்ணாடி வளையல் வேண்டாம். வீட்டில் நான் வாங்கிய ஏச்சு போதும்.) வளையலின் நடுப்புள்ளி மூன்று சுற்று வந்தால் அட்டை ஒரு தடவைதான் திரும்பும். என்ஜினில் வளையலும் செருப்பு வட்டமும் பற்சக்கரங்கள், 3க்கு 2.

ஜெர்மனியின் பெலிக்ஸ் வாங்கெல் யோசித்த இந்த என்ஜின், என்.எஸ்.யு. கம்பெனியில் 1957-ல் முதலில் ஓடியது. அதில் வெளிக்கூடும் சேர்ந்து சுற்றியது. கூட்டை அசையாமல் நிறுத்தியவர் அங்கே வேலை பார்த்த ஹான்ஸ் டீட்டர் பாஷ்கே.

சரி, தகராறு எங்கே? மூலையில். சாதா என்ஜினில் பிஸ்டனைச் சுற்றிய ரிங் வட்டமாகச் சுவரை அணைத்து நிற்கும். இங்கே மூலைக்கு ஒரு மெல்லிய பட்டை, கோடு போலத்தான் தொடும், சாய்வும் நொடிக்கு நொடி மாறும். ஜப்பானில் மாஸ்டாக்காரர்கள் ஓட்டிப் பார்த்தபோது பட்டை அதிர்ந்து துள்ளி, சுவரில் வரிவரியாகக் கீறல். 'சாத்தானின் நகக்கீறல்' என்று பெயர் வைத்தார்கள். கார்பனில் அலுமினியம் ஏற்றிய பட்டை வந்த பிறகுதான் 1967-ல் காஸ்மோ ஸ்போர்ட் கார் விற்பனைக்கு வந்தது. 1991-ல் பிரான்சின் லெ மான்ஸ் 24 மணி நேரக் கார் பந்தயத்தையே ஜெயித்தார்கள். ஆனாலும் எரியும் அறை நீண்டு தட்டையாக இருப்பதால் பெட்ரோல் முழுசாக எரியாது. பட்டை தேயாமலிருக்க விடும் ஆயிலும் சேர்ந்து எரியும். எண்ணெய்ச் செலவு எண்ணிக் கடலுக்குப் போகிற உங்கள் ஆட்களிடம் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: முதல் உலகப் போர் விமானங்களின் ரோட்டரியும் இதுதானா? (வாசகர், குலசேகரம்)

பதில்: பெயர்தான் ஒன்று. அதில் கிராங்க் தண்டு அசையாது. சிலிண்டர்களே விசிறியோடு சேர்ந்து சுற்றும். உராய்வு குறைய ஊற்றியது ஆமணக்கெண்ணெய். விமானி முகத்திலும் தெறிக்கும்.