கதிர்வீச்சு: விண்வெளி நிலையமும் செவ்வாய்ப் பாதையும்

வணக்கம். செவ்வாய்ப் பயணத்துக்குக் கதிர்வீச்சுதான் பெரிய தடை என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அது மிகையாகப் படுகிறது. அமெரிக்க விண்வெளி வீரர் ஸ்காட் கெல்லி 340 நாள் விண்வெளி நிலையத்தில் இருந்துவிட்டு வந்து நன்றாகத்தானே இருக்கிறார்? 2025இல் நம்முடைய சுபான்ஷு சுக்லாவும் போய் நலமாகத் திரும்பினார். ஒரு பாக்டீரியா நிலையத்துக்கு வெளியே மூன்று வருடம் பிழைத்ததாமே! மனித உடலும் மெல்லப் பழகிக்கொள்ளாதா? வகுப்பில் பிள்ளைகள் கேட்கிறார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

ச., அறிவியல் ஆசிரியர்

அன்புள்ள ச. அவர்களுக்கு,

நீங்கள் சொன்ன மூன்றுமே ஒரே இடத்தில் நடந்தவை. தரையிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர் உயரம். அங்கே பூமியின் காந்தப்புலம் காஸ்மிக் கதிர்களில், அதாவது விண்வெளியிலிருந்து அதிவேகத்தில் வரும் துகள்களில், பெரும்பங்கைத் திருப்பிவிடுகிறது. போதாததற்குப் பூமியே ஒரு பக்கத்தை முழுக்க மறைத்து நிற்கிறது. அப்படியும் ஆறு மாதம் தங்குகிறவர்கள் 80 முதல் 160 மில்லிசீவர்ட் (உடல் வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) வரை வாங்குகிறார்கள். தரையில் நமக்கு இயற்கையாகக் கிடைப்பது வருடத்துக்குச் சராசரியாக 2.4.

செவ்வாய்க்குப் போகிறவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. கியூரியாசிட்டி ஊர்தி 2011-12இல் போகும் வழியெல்லாம் கதிர்வீச்சை அளந்துகொண்டே போனது. ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1.8 மில்லிசீவர்ட். போக, வர மட்டும் 660 ஆகும் என்று கணக்கிட்டார்கள். ஒரு விண்வெளி வீரர் தன் பணிக்காலம் முழுவதற்கும் வாங்கலாம் என்று நாசா வைத்திருக்கும் வரம்பே 600தான். அங்கே இறங்கித் தங்கும் நாட்களை இன்னும் சேர்க்கவில்லை.

ஆனால் எனக்கு இந்த எண்களைவிடப் பெரிய கவலை, கதிரின் வகை. காஸ்மிக் கதிர்களில் பெரும்பாலானவை புரோட்டான்கள், அடுத்தது ஹீலியம் அணுக்கருக்கள். இரும்பு போன்ற கனமான அணுக்கருக்கள் நூற்றில் ஒரு பங்குதான். சேதத்தில் அவற்றின் பங்கு அதைவிட மிகப் பெரிது. எக்ஸ்ரே ஒரு செல்லில் ஏற்படுத்தும் காயங்கள் அங்கங்கே சிதறி விழும். செல் பெரும்பாலும் சரிசெய்துவிடும். இரும்பு அணுக்கரு தன் வழியில் நெருக்கமாகக் காயங்களை உண்டாக்கிக்கொண்டே போகிறது. டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளும் பக்கத்துப் பக்கத்தில் அறுகின்றன. அறுந்த முனைகளைச் செல் ஒட்டும்போது தப்பாக ஒட்டிவிடலாம். புற்றுநோய்க்கு வழி திறப்பது இப்படித்தான்.

அப்பல்லோ 11இல் போன பஸ் ஆல்ட்ரின், இருட்டில் கண்ணுக்குள் ஒளிப்பொட்டுகள் மின்னுவதைக் கண்டார். பிறகு போனவர்களும் கண்டார்கள். காஸ்மிக் துகள்கள் கண்ணைத் துளைத்துச் சென்றதன் விளைவு அது. இதைப் பிள்ளைகளுக்கு அவசியம் சொல்லுங்கள், மறக்கவே மாட்டார்கள்.

கெல்லி நன்றாக இருக்கிறார், உண்மை. ஆனால் அவருடைய இரட்டைச் சகோதரர் மார்க்கோடு ஒப்பிட்டு 2019இல் வெளியான ஆய்வைப் பாருங்கள். ஸ்காட்டின் குரோமோசோம்களில் துண்டு அறுந்து தலைகீழாக ஒட்டிய இடங்கள் பயணத்தின்போது கூடியிருந்தன, திரும்பிய பிறகும் மறையவில்லை. இதனால் அவருக்கு நோய் வரும் என்று சொல்லவில்லை. திரும்பி வந்து கையசைப்பதை வைத்து உடலுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று முடிவு கட்டக்கூடாது என்கிறேன். கதிர்வீச்சால் வரும் புற்றுநோயும் கண்புரையும் பல வருடம் கழித்துத்தான் தெரியவரும்.

பாக்டீரியா விஷயம் சுவாரசியமானது. அது டைனோகாக்கஸ் ரேடியோடியூரன்ஸ். 1956இல் டப்பா இறைச்சியைக் கதிரால் கிருமிநீக்கம் செய்து பார்த்தபோது சாகாமல் அகப்பட்டது. ஜப்பானியர்கள் அதை உலர்ந்த உருண்டைகளாக்கி நிலையத்துக்கு வெளியே வைத்தார்கள். மேலடுக்கில் இருந்தவை செத்து, உள்ளே இருந்தவற்றைப் புறஊதாக் கதிரிடமிருந்து காப்பாற்றின. விண்கலத்துக்குள் இருக்கும் மனிதனுக்குப் புறஊதா ஒரு பிரச்சினையே இல்லை. வறட்சியைத் தாங்குவதற்காக அந்த உயிருக்கு அமைந்த பழுதுபார்க்கும் திறமைதான் கதிர்வீச்சுக்கும் உதவுகிறது என்று கருதுகிறார்கள். எத்தனையோ தலைமுறைகளில் அமைந்த அதை ஒரு மனித உடல் மூன்று வருடப் பயணத்தில் கற்றுக்கொள்ள முடியாது.

கனமான சுவர் வைத்தால் என்ன என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். சூரியன் திடீரென்று துகள்களை வாரி வீசும் சூரியப் புயலுக்கு அது உதவும். 1972 ஆகஸ்டில் வந்த புயல், ஏப்ரலில் போன அப்பல்லோ 16க்கும் டிசம்பரில் போன 17க்கும் நடுவில் அடித்தது. அப்போது யாராவது நிலவில் நடந்துகொண்டிருந்தால் கதிர்வீச்சு நோயில் விழுந்திருக்கக்கூடும். காஸ்மிக் கதிர் வேறு மாதிரி. அது அலுமினியத்தில் மோதும்போது நியூட்ரான் முதலிய புதிய துகள்கள் சிதறுகின்றன. ஹைட்ரஜன் நிறைந்த பாலிஎதிலீன் பிளாஸ்டிக், தண்ணீர் இவை அலுமினியத்தைவிட மேல், ஆனால் முழுசாகத் தடுக்கும் அளவுக்கு ஏற்றிப் போக எந்த ராக்கெட்டும் இல்லை.

அப்பல்லோவில் நிலவு வரை போனவர்கள் 24 பேர், அதிலும் மிக நீண்ட பயணம் இரண்டு வாரத்தைத் தொடவில்லை. செவ்வாய்க்கு மூன்று வருடம் என்பதற்கு அந்த அனுபவம் போதவே போதாது. நிலவின் தரையில் ஒரு நாளைக்குச் சுமார் 1.37 மில்லிசீவர்ட் என்று சீனாவின் சாங்கே 4 விண்கலம் அளந்திருக்கிறது. அங்கே ஆறு மாதம், ஒரு வருடம் என்று மனிதர்கள் தங்கி, திரும்பிய பிறகும் அவர்களைப் பல வருடம் கவனிக்க வேண்டும். அதற்கு முன்னால் யாரையும் செவ்வாய்க்கு அனுப்பக்கூடாது என்பது என் கருத்து. பிள்ளைகள் இதற்கு என்ன மறுப்புச் சொல்கிறார்கள் என்று எழுதுங்கள்.