பட்டாளத்துப் பென்சன் யாருக்கு? – ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணாச்சி,

எனக்கு வயது 20. வீரவநல்லூர் பக்கம். அக்னிவீர் என்கிற நாலு வருஷ ராணுவ வேலைக்கான செலக்ஷனுக்காகப் பாளையங்கோட்டையில் ரூம் எடுத்துத் தங்கி ஓடிக்கொண்டிருக்கிறேன். எனக்கு ஆண்கள்மீதுதான் ஈர்ப்பு, வீட்டில் தெரியாது. அமெரிக்க ராணுவத்தில் இதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டே வேலை பார்க்கலாமாம். நம் ராணுவத்தில் சொல்லலாமா, மறைக்க வேண்டுமா? இப்படிப்பட்டவர்களைச் சேர்த்தால் ஒழுங்கு கெட்டுவிடும் என்கிறார் கோச். தப்பான நாட்டில் பிறந்துவிட்டேனோ என்று தோன்றுகிறது. பெயர் போட வேண்டாம்.

அன்புள்ள தம்பி,

பெயர் போடவில்லை. கோச் சொன்னதை விட்டுத்தள்ளு. கனடா 1992-லேயே தடையை எடுத்தது, பிரிட்டன் 2000-இல் எடுத்தது, அந்தப் படைகள் ஒன்றும் கலைந்துபோய்விடவில்லை.

ஆனால் 'தப்பான நாடு' என்கிற புலம்பல் இருக்கிறதே, அதைப் படித்ததும் எரிச்சல்தான் வந்தது. அமெரிக்காக்காரனுக்கு மட்டும் சும்மா கிடைத்ததா? 1993-இல் கிளிண்டன் காலத்தில் 'நாங்கள் கேட்க மாட்டோம், நீயும் சொல்லாதே' என்று சட்டம் போட்டார்கள். வாயைத் திறந்தால் வேலை காலி. அப்படி 13,000 பேருக்கு மேல் வீட்டுக்கு அனுப்பினார்கள், ஈராக்கில் சண்டை நடந்துகொண்டிருந்தபோதே அரபி தெரிந்த மொழிபெயர்ப்பாளர்களையும் சேர்த்து. 2011 செப்டம்பரில்தான் அது ஒழிந்தது. அப்புறமும் தீரவில்லை. 'நான் இன்னான்' என்று சொல்லலாம், ஆனால் கட்டிக்கொண்டவனுக்கு மருத்துவம் உள்பட குடும்பத்துக்கான சலுகைகள் கிடையாது. கல்யாணம் என்றால் ஆணும் பெண்ணும்தான் என்று இன்னொரு மத்தியச் சட்டம் குறுக்கே கிடந்தது. 2013-இல் அவர்கள் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிய பிறகுதான் வழி பிறந்தது.

இதைத்தான் கொஞ்ச நாளாக மனசில் உருட்டிக்கொண்டிருந்தேன், உன் கடிதம் வந்தது. எங்கள் தெருவில் ஒரு ரிட்டயர்டு ஹவில்தார் இருந்தார், கல்யாணம் பண்ணாதவர். கூடவே ஒரு பட்டாளத்துச் சிநேகிதர், பென்சனுக்கான 15 வருஷ சர்வீஸ் முடியுமுன்பே வெளியே வந்தவர். தெருவில் 'ரெண்டு மிலிட்டரி' என்பார்கள். இருவரும் ஒருவருக்கொருவர் என்ன முறை என்று யாரும் கேட்டதில்லை, அவர்களும் சொன்னதில்லை. கிளிண்டன் சட்டத்தை நம்ம ஜில்லா எப்போதோ போட்டாயிற்று! ஹவில்தாருக்குப் பக்கவாதம் வந்தபின், நவம்பர் பிறந்தால் ஆயுள் சான்றிதழுக்காகச் சிநேகிதர்தான் ஆட்டோ பிடித்து பேங்குக்குக் கூட்டிப்போவார். ஒருமுறை பார்த்தேன். அவிழ்ந்த வேட்டியை இறுக்கிவிட்டு, நடுங்குகிற பெருவிரலில் மை தடவித் தாளில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, 'ஆடாதீரும்வே' என்று அதட்டிக்கொண்டிருந்தார். ஹவில்தார் செத்ததும் அண்ணன் மகன்கள் வந்தார்கள், கொள்ளி வைத்தார்கள், டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டார்கள், பதினாறு கழிந்ததும் இவரை வீட்டைக் காலி பண்ணச் சொன்னார்கள். பொண்டாட்டி என்று ஒருத்தி இருந்திருந்தால் குடும்பப் பென்சன், கேன்டீன் கார்டு, ஆஸ்பத்திரி எல்லாம் உண்டு. அத்தனை வருஷம் மலம் மூத்திரம் அள்ளியவருக்கு ஒரு சல்லிக்காசு இல்லை.

சொல்வதா மறைப்பதா என்றுதானே கேட்டாய்? செலக்ஷனில் யாரும் கேட்கப்போவதில்லை. நீயாகப் போய்ச் சொல்லவும் செய்யாதே. 2018-இல் உச்ச நீதிமன்றம் ஒருபால் உறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவைத் தளர்த்தியது உண்மைதான், ஆனால் 2019 ஜனவரியிலேயே அப்போதைய ராணுவத் தளபதி ராவத் ராணுவத்துக்குள் இதை அனுமதிக்க மாட்டோம் என்றுவிட்டார். 1950-ஆம் வருஷத்து ராணுவச் சட்டத்தின் 46-ஆம் பிரிவில் 'இயற்கைக்கு மாறான' நடத்தைக்கு ஏழு வருஷம் வரை சிறை இருக்கிறது.

நாளைக்கே அதை எடுத்துவிட்டார்கள் என்று வை. 2023 அக்டோபரில் ஒருபால் திருமணத்தை ஏற்க உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது, பிறகு எந்தப் பாரத்தில் எந்தக் கட்டத்தில் உன் ஆளை எழுதுவாய்? அக்னிவீருக்குப் பென்சனே கிடையாதே என்பாய். சரி, சர்வீஸில் உயிர் போனால் 48 லட்சம் காப்பீடு உண்டே, அது யாருக்கு? இன்றைக்கு அம்மா பெயரைப் போடுவாய், அது நியாயம். நாலு வருஷம் முடிந்து உன்னை நிரந்தரமாக எடுத்துக்கொண்டால், முப்பது வயதில் யார் பெயரைப் போடுவாய்? சொல்வதா மறைப்பதா என்று மட்டும் கேட்கிறவன் பாதிக் கேள்வியைத்தான் கேட்கிறான்.

அது கிடக்கட்டும். அத்தனை எழுதினாயே, 1600 மீட்டரை எத்தனை நிமிஷத்தில் முடிக்கிறாய் என்று எழுதினாயா? தார் ரோட்டில் ஓடி முழங்காலைக் கெடுத்துக்கொள்ளாதே, மைதானத்தில் ஓடு.