தங்கையிடம் கேட்டாயா?

கேள்வி: எனக்கு இரண்டு கல்லூரிகளில் கணினி அறிவியல் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. ஒன்று வெளியூரில் உள்ள புகழ்பெற்ற கல்லூரி. கட்டணம் அதிகம், விடுதிச் செலவும் உண்டு, கல்விக் கடன் வாங்கினாலும் போதாது. மற்றொன்றுக்கு வீட்டிலிருந்தே போய்வரலாம், உதவித்தொகையும் கிடைக்கும், ஆனால் அவ்வளவு பெயர் இல்லை. பெற்றோர் இருவரும் பட்டதாரிகள், வேலைக்குச் செல்பவர்கள். முடிவை என் விருப்பத்துக்கே விட்டுவிட்டார்கள். செலவைச் சமாளிக்க, ஒன்பதாம் வகுப்புக்குப் போகும் தங்கையை மட்டும் கட்டணம் குறைந்த பள்ளிக்கு மாற்ற இருக்கிறார்கள். அவளும் ஒன்றும் சொல்லவில்லை. பணம் கட்ட இன்னும் 10 நாட்கள் உள்ளன. பெயர் பெற்ற கல்லூரியை விட்டால் பிற்காலத்தில் வருந்துவேனா?

பதில்: தம்பி, எந்தக் கல்லூரி என்று கேட்டு எனக்கு வரும் கடிதங்களுக்குக் கணக்கில்லை, அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு பத்தியில் பதில் எழுதிவிடலாம். உன் கடிதத்தில் என்னை நிறுத்தியது கல்லூரிகளைப் பற்றிய பகுதி அன்று. தங்கையைப் பள்ளி மாற்றப் போகிறார்கள் என்பதை விடுதிச் செலவைப் போல ஒரு கணக்காகச் சொல்லிவிட்டு, "அவளும் ஒன்றும் சொல்லவில்லை" என்று முடித்திருக்கிறாய். அவளிடம் யாராவது கேட்டார்களா? நீ கேட்டாயா?

பதின்மூன்று, பதினான்கு வயதுப் பெண், அண்ணனின் படிப்பைப் பற்றி வீடே கூடிப் பேசும் இடத்தில், "என் பள்ளியை மாற்றாதீர்கள்" என்று எப்படி வாய் திறப்பாள்? திறந்தால் அண்ணனின் எதிர்காலத்துக்குக் குறுக்கே நிற்கிறாள் என்ற பெயர் வரும் என்பதை அவள் அறிவாள். அந்த மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது உங்கள் எல்லோருக்கும் வசதியாக இருந்திருக்கிறது. இதே நிலையில் அவள் மூத்தவளாகவும் நீ இளையவனாகவும் இருந்திருந்தால், அவளுடைய கல்லூரிக்காக உன்னைப் பள்ளி மாற்றுவார்களா என்பதை மனசாட்சியைத் தொட்டு எண்ணிப் பார். இந்தக் கேள்வி-பதில் பகுதிக்கு முப்பது, நாற்பது வயதான தங்கைகளும் எழுதுகிறார்கள். அவர்களில் பலர் பணத்தைக் குறித்து வருந்துவதில்லை. தங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்பதை இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் ஆறாமல் எழுதுகிறார்கள்.

உன் பெற்றோர் மீதும் எனக்கு வருத்தம் உண்டு. முடிவை உன் விருப்பத்துக்கு விட்டார்கள் என்கிறாய். ஒரு பிள்ளையின் விருப்பத்துக்கான விலையை இன்னொரு பிள்ளை செலுத்தும்போது, அந்த முடிவை முதல் பிள்ளையிடம் மட்டும் விடுவது பெற்றோர் செய்யத்தக்க செயல் அன்று. மூத்தவனுக்கு முதலில் கிடைக்கலாம். இளையவளிடமிருந்து எடுத்து அவனுக்குக் கொடுக்கக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

இனி அந்தக் கல்லூரியின் பெயருக்கு வருவோம். அமெரிக்காவில் 1976-இல் கல்லூரியில் சேர்ந்த மாணவர்களின் பிற்கால வருமானத்தை ஆராய்ந்து, ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் ஆகிய பொருளியலாளர்கள் 2002-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரே மாதிரியான கல்லூரிகளில் இடம் கிடைத்தவர்களுள், சேர்க்கை கடினமான கல்லூரிக்குச் சென்றவர்களும் அதை விட்டு மற்றொன்றில் சேர்ந்தவர்களும் ஏறத்தாழ ஒரே அளவே சம்பாதித்தார்கள் என்பது அவர்கள் கண்டது. வருமானம் குறைந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு மட்டும் அத்தகைய கல்லூரிகள் கூடுதல் பலன் தந்தன. இருவர் சம்பாதிக்கும் உன் வீட்டை அந்த விதிவிலக்கில் சேர்க்க முடியாது. அது வேறு காலத்துக் கணக்குதான் என்றாலும், அந்தக் கல்லூரியில் இடம் பெறும் அளவுக்கு உன்னிடம் இருந்த உழைப்பு வேறு கல்லூரியில் சேர்ந்ததும் காணாமல் போய்விடாது என்பதை நினைவில் வை.

கல்லூரிகள் விளம்பரப்படுத்தும் சராசரிச் சம்பளத்தையும் நம்பிவிடாதே. 10 மாணவர்களில் 9 பேருக்கு மாதம் 20 ஆயிரமும் ஒருவருக்கு 2 இலட்சத்து 20 ஆயிரமும் கிடைத்தால், சராசரி 40 ஆயிரம் என்று வரும். அந்தத் தொகையைப் பெற்றவர் அங்கே ஒருவர்கூட இருக்கமாட்டார். சம்பளங்களை ஏறுவரிசையில் அடுக்கினால் நடுவில் வரும் தொகையை, அதாவது இடைநிலை அளவைக் கேள். கடனுக்கும் இதே கவனம் வேண்டும்: ஆண்டின் தொடக்கத்தில் 100 வீதம் 4 ஆண்டுகள் வாங்கி, 10 விழுக்காடு கூட்டு வட்டி சேர்ந்தால், பட்டம் பெறும் நாளில் 400 என்பது ஏறத்தாழ 510 ஆகியிருக்கும்.

என் முடிவைக் கேட்டால், வீட்டருகில் உள்ள கல்லூரியில் சேர். சேருமுன் ஒரு முழு நாள் அங்கே போய் இரு. இறுதியாண்டு மாணவர்களிடம், ஆய்வகம் எத்தனை மணி வரை திறந்திருக்கும், முதலாண்டுக் கணிதத்தை நிரந்தர ஆசிரியர் நடத்துகிறாரா, சேர்ந்தவர்களில் எத்தனை பேர் உரிய காலத்தில் பட்டம் பெற்றார்கள் என்று கேள். பட்டத்துக்கு முறையான அங்கீகாரம் இருக்கிறதா என்பதை அரசு ஆவணங்களில் நீயே சரிபார். இவற்றில் அந்தக் கல்லூரி தேறாவிட்டால், வெளியூர்க் கல்லூரியைப் பற்றி மறுபடியும் பேசலாம். ஆனால் தங்கையின் கட்டணத்தில் கைவைக்காமல், குறையும் பணத்தைப் பகுதிநேர வேலையாலோ வேறு உதவித்தொகையாலோ நீ திரட்ட முடியும் என்றால் மட்டுமே.

அதற்கெல்லாம் முன்பாக, இன்றிரவே தங்கையைத் தனியாக அழைத்து உட்கார வைத்துப் பேசு. பெற்றோர் அருகில் இருக்க வேண்டாம். பள்ளி மாறினால் அவள் எதையெல்லாம் இழப்பாள் என்று கேள். எந்த ஆசிரியரை, எந்தத் தோழியை, எந்தப் பாடத்தை என்று அவள் சொல்லச் சொல்லக் குறுக்கே பேசாமல் கேள். உன் கடிதத்தில் அவளைப் பற்றி அவளுடைய வகுப்பைத் தவிர வேறெதுவும் இல்லை. அவள் "எனக்கு ஒன்றும் இல்லை அண்ணா" என்று எழுந்து போய்விட்டால், அதை வைத்துக்கொண்டு பணத்தைக் கட்டிவிடாதே. மறுநாளும் அழைத்துக் கேள். உனக்கு இன்னும் 10 நாட்கள் இருக்கின்றன.