பதில்: போரூரில் எங்கள் மனைக்கு நில எடுப்பு அறிவிப்பு வந்துள்ளது, ஆட்சேபிக்க முடியுமா?

வணக்கம் ஐயா. சாலை விரிவாக்கத்துக்காக உங்கள் மனையில் ஒரு பகுதியைக் கேட்டு அறிவிப்பு வந்ததாகவும், "அரசு கேட்டால் கொடுத்தே ஆகவேண்டும்" என்று அலுவலகத்தில் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அது பாதி உண்மைதான். சொத்துரிமை 1978-இன் 44-ஆவது திருத்தத்தால் அடிப்படை உரிமைப் பட்டியலிலிருந்து நீங்கினாலும், சட்டத்தின் அதிகாரமின்றி எவருடைய சொத்தையும் பறிக்கக்கூடாது என்று அரசமைப்பின் 300ஏ பிரிவு இன்றும் சொல்கிறது. அறிவிப்புத் தருவதும், ஆட்சேபனையைக் கேட்பதும், காரணம் காட்டி முடிவெடுப்பதும், நியாயமான இழப்பீடு வழங்குவதும் அந்த உரிமைக்குள் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2024-இல் தீர்ப்பளித்திருக்கிறது.

முதலில், அறிவிப்பின் தலைப்பில் எந்தச் சட்டம் குறிப்பிடப்பட்டுள்ளது என்று பாருங்கள், ஏனெனில் எல்லாமே அதைப் பொறுத்தவை. 2013-ஆம் ஆண்டு மத்திய நில எடுப்புச் சட்டமென்றால் ஆட்சேபிக்க 60 நாள் உண்டு. தேசிய நெடுஞ்சாலைச் சட்டமென்றால் 21 நாள்தான். மாநிலத்தின் 2001 நெடுஞ்சாலைச் சட்டமாக இருந்தால், அறிவிப்பிலேயே உள்ள கெடுவைத் தவறவிடாதீர்கள்.

என் தந்தை வாய்மொழியாகவே முறையிட்டுவிட்டு வந்தார். பின்னாளில் கோப்பில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. ஆகவே தயவுசெய்து எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் பெறுங்கள். சர்வே எண்ணும் பரப்பும் பட்டாவோடு ஒத்துப்போகின்றனவா என்பதையும் சரிபாருங்கள். இழப்பீட்டுத் தொகை குறைவென்று பட்டால், "ஆட்சேபனையுடன் பெறுகிறேன்" என்று எழுதிவிட்டே கையொப்பமிடுங்கள்.