5 குட்டியின் இரத்தம் சோதித்தால் பிஆர்ஆர்எஸ் இல்லை என்று சொல்லலாமா?

கேள்வி: ஹங்வெல்லைப் பக்கம் 35 தாய்ப்பன்றிகள் வைத்திருக்கிறேன். இரண்டு மாதமாகக் குட்டிகள் மெலிந்து பிறக்கின்றன. சில குட்டிகள் பால் குடிக்கும் வயதிலேயே மூச்சு இரைத்துச் சாகின்றன. இரண்டு தாய்கள் நாள் நிறையும் முன்பே ஈன்றுவிட்டன. 5 குட்டிகளின் இரத்தத்தைச் சோதித்ததில் பிஆர்ஆர்எஸ் (பன்றிகளின் ஈற்றையும் மூச்சையும் தாக்கும் வைரஸ் நோய்) இல்லை என்று முடிவு வந்தது. இனி இந்த நோயை விட்டுவிடலாமா? திரும்பச் சோதிப்பதென்றால் எத்தனை குட்டி, எத்தனை தடவை?

பதில்: விட வேண்டாம். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் எல்லாம் பிஆர்ஆர்எஸ் பக்கமே கை காட்டுகின்றன. 5 குட்டி என்பது மிகவும் குறைவு. பத்துக் குட்டிக்கு ஒன்றில் வைரஸ் இருக்கும் பண்ணையில் எழுந்தமானமாக 5 குட்டியை எடுத்தால், நோயுள்ள ஒன்றுகூட அகப்படாமல் போவதற்கு 100க்கு 59 வாய்ப்பு உண்டு.

அதற்கு முன் ஒரு விடயம். பெரிய பன்றிகள் 41 பாகைக் காய்ச்சலோடு அடுத்தடுத்து விழுந்தாலோ, காதும் வயிறும் கருஞ்சிவப்பாக மாறினாலோ கீழே எழுதியிருப்பது எதையும் செய்யாதீர்கள். ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2024 ஒக்டோபரிலிருந்து இலங்கையில் இருக்கிறது. செத்த பன்றியை வெட்டிப் பார்க்காமல், பண்ணையிலிருந்து எதையும் வெளியே அனுப்பாமல், உடனே உங்கள் பிரிவு அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு அறிவியுங்கள்.

இப்போது பழைய அறிக்கையை எடுத்து, அது எந்தச் சோதனை என்று பாருங்கள். எலைசா என்றால் எதிர்ப்புடலைத்தான், அதாவது நோயை எதிர்க்க உடல் உண்டாக்கும் புரதத்தைத்தான், தேடியிருப்பார்கள். குட்டியில் அது இரண்டு பக்கமும் ஏமாற்றும். சீம்பாலோடு தாயிடமிருந்து வந்த எதிர்ப்புடல் நோய் இல்லாத குட்டியிலும் தெரியும். புதிதாகத் தொற்றிய குட்டியிலோ எதிர்ப்புடல் உருவாக ஒன்று இரண்டு வாரம் எடுக்கும். பால்குடிக் குட்டிக்கு, வைரஸின் மரபுப்பொருளையே தேடும் பிசிஆர் சோதனைதான் சரி.

பெரிய பண்ணைகளில் பால்மறக்கும் வயதுக் குட்டிகள் 30இல் இரத்தம் எடுப்பார்கள். பத்தில் ஒன்றுக்கு நோய் இருந்தால் 95 வீத உறுதியோடு அதைப் பிடிக்க அந்த எண்ணிக்கை போதும். உங்களிடம் மாதத்துக்கு ஏறக்குறைய 6 ஈற்று, 55 குட்டி வரும். அவ்வளவு சிறிய கூட்டத்துக்கு 24 குட்டி போதும். ஆனால் அவற்றை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். இந்த வைரஸ் எல்லா ஈற்றிலும் ஒரே அளவாகப் பரவி இருக்காது. ஒரு ஈற்றில் பாதிக்கு மேல் இருக்கும், பக்கத்து அறையில் ஒன்றிலும் இருக்காது. ஆகவே ஓர் ஈற்றையும் விடாமல், ஒவ்வொன்றிலும் 4 குட்டி வீதம் எடுக்க வேண்டும். கொழுத்த குட்டியைப் பிடிப்பது கைக்குச் சுகம், ஆனால் தேவை மெலிந்தது, உரோமம் சிலிர்த்தது, மூச்சு இரைப்பது.

28 நாளில் பால்மறக்கச் செய்தால், அதற்கு முந்திய இரண்டு மூன்று நாளுக்குள் கால்நடை வைத்தியரைக் கொண்டு குட்டிக்கு 2 மில்லிலீற்றர் எடுப்பியுங்கள். உறைதல் தடுக்கும் மருந்து இல்லாத குழாய்தான் வேண்டும். செலவைக் குறைக்க 5 குட்டியின் சீரத்தை (இரத்தம் உறைந்த பின் பிரியும் தெளிந்த நீர்) ஒன்றாகச் சேர்த்துப் பிசிஆர் செய்யலாம். எலைசாவுக்கு அப்படிச் சேர்க்கக் கூடாது.

ஊசி குத்தாமலும் கண்காணிக்கலாம், சிறு பண்ணைக்கு இது நல்ல வழி. செத்துப் பிறந்த குட்டி, முதல் சில நாளில் செத்த குட்டி ஆகியவற்றின் நாக்கு நுனியில் 2 சென்ரிமீற்றர் வெட்டி, அந்த வாரத்தினதை ஒரே பையில் போட்டு உறைய வையுங்கள். உருகும்போது வடியும் நீரே மாதிரி. வைரஸ் இருந்தால் முதலில் சாவது இந்தக் குட்டிகள்தான் என்பதால் இதில் அகப்படும் வாய்ப்பு அதிகம். 3 முதல் 5 நாள் வயதில் வால் வெட்டி விதை எடுப்பவர் என்றால், அந்த வாலையும் விதையையும் வாளியின் மேல் கட்டிய வலைத்துணியில் போட்டால் அடியில் வடியும் நீரும் உதவும். வாலிலிருந்து மட்டும் அதிகம் வடியாது. இந்த இரண்டும் கருப்பையிலும் முதல் சில நாளிலும் தொற்றியதைத்தான் காட்டும். பத்தாம் நாளில் தொற்றிய குட்டி அதில் வராது, அதனால் பால்மறக்கும்போது எடுக்கும் இரத்தத்தை விட முடியாது.

மாதிரி கெடுவது பெரும்பாலும் வழியில்தான். கொழும்பு வெயிலில் மோட்டார் சைக்கிளில் ஒரு மதியம் திரிந்த மாதிரியில், வைரஸ் இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம். குருதி உறைந்ததும் சீரத்தைப் பிரித்து, ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் பொதிகளுக்கு நடுவே 4 பாகையில் வைத்து, பேராதனை கன்னொருவை ஆய்வுகூடத்துக்கு வைத்தியர் ஊடாக அனுப்புங்கள். பிரிக்காத இரத்தத்தை உறைய வைக்க வேண்டாம். வெள்ளிக்கிழமையும் போயாவுக்கு முதல் நாளும் மாதிரி எடுக்காதீர்கள்.

ஒரு தடவை இல்லை என்று வந்தால் போதாது. மாதம் ஒரு தடவையாக 90 நாள் காலத்தில் தொடர்ந்து 4 தடவை இல்லை என்று வந்த பிறகுதான், தாயிடமிருந்து குட்டிக்கு வைரஸ் போவது நின்றுவிட்டது என்று எடுப்போம். நடுவில் ஒன்று பிடிபட்டால் எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து. உயிருள்ள வைரஸ் தடுப்பூசி போட்டிருந்தால் திகதியைப் படிவத்தில் எழுதுங்கள். பிசிஆரில் பிடிபட்டது தடுப்பூசி வைரஸாகவும் இருக்கலாம்.

முடிவு வரும்வரை, ஈற்றுக்கு ஈற்று குட்டி மாற்றுவதைப் பிறந்த முதல் 24 மணிநேரத்தோடு நிறுத்துங்கள். வளராத குட்டியை இளைய ஈற்றோடு சேர்த்து இன்னும் இரண்டு வாரம் பால் குடிக்க விடுவதுதான் பல இடங்களில் வைரஸை அணையவிடாமல் வைத்திருக்கிறது. இரும்புச்சத்து ஊசியை ஒவ்வோர் ஈற்றுக்கும் மாற்றுங்கள். புதிய பெட்டைப் பன்றி வாங்க வேண்டாம். இரவல் ஆண்பன்றியும் வேண்டாம். தொற்றிய ஆண்பன்றியின் விந்தில் மூன்று மாதம் கழித்தும் இந்த வைரஸ் கண்டறியப்பட்டிருக்கிறது.

ஹோட்டல் மிச்சச் சாப்பாடு போடுகிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. போடுவதென்றால் 90 பாகையில் 60 நிமிடம் கிளறிக்கொண்டே கொதிக்க வையுங்கள். அது பிஆர்ஆர்எஸ்ஸுக்காக அல்ல, மேலே சொன்ன மற்றக் காய்ச்சலுக்காக.