‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு’ வந்தால் எல்லாவற்றையும் திறந்துவிடாதீர்கள்

கேள்வி: உபுண்டு சர்வரில் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் போட்டிருக்கிறேன். லேப்டாப்பிலிருந்து இணைத்தால் ‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு’ என்கிறது. லிசன் அட்ரஸஸில் (எந்த முகவரிகளில் இணைப்பை ஏற்பது என்ற அமைப்பு) நட்சத்திரக் குறி போட்டு, எல்லா ஐபிக்கும் அனுமதி கொடுக்கச் சொல்கிறார்கள். செய்யலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். நிறுவியவுடன் போஸ்ட்கிரெஸ் லோக்கல்ஹோஸ்டில், அதாவது அதே கணினிக்குள் மட்டும்தான் இணைப்பை ஏற்கும். வெளியிலிருந்து வந்தால் மறுப்பது கோளாறு அல்ல, பாதுகாப்பு. போஸ்ட்கிரெஸின் போர்ட்டான 5432-ஐ இணையத்துக்குத் திறந்துவிட்டால் கடவுச்சொல்லை ஊகித்துப் பார்க்கும் பாட்கள் தேடி வந்துவிடும்.

உங்களுக்கு வேண்டியது எஸ்எஸ்ஹெச் டனல், அதாவது சர்வருக்குள் போகும் மறையாக்கம் செய்த பாதை. லேப்டாப்பில் எஸ்எஸ்ஹெச் கட்டளையோடு ‘மைனஸ் எல்’ சேர்த்து, உங்கள் 5433 போர்ட்டை சர்வரின் லோக்கல்ஹோஸ்ட் 5432-உடன் இணையுங்கள். அப்புறம் டிபீவரில் (டேட்டாபேஸைப் பார்க்கும் செயலி) லோக்கல்ஹோஸ்ட், 5433 என்று கொடுத்தால் போதும். போஸ்ட்கிரெஸ் அமைப்பில் ஒரு வரிகூட மாற்ற வேண்டியதில்லை.

ஆப் வேறொரு சர்வரில் ஓடுகிறதா? அப்படியானால் லிசன் அட்ரஸஸில் பிரைவேட் ஐபியைச் சேர்த்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். யார், எங்கிருந்து, எப்படி நுழையலாம் என்று சொல்லும் பிஜி ஹெச்பிஏ கோப்பில் ‘ஹோஸ்ட்எஸ்எஸ்எல்’ (மறையாக்கம் செய்த இணைப்புக்கு மட்டும்) வரி ஒன்று: அந்த டேட்டாபேஸ், அந்த யூசர், ஆப் சர்வரின் ஐபி மட்டும் (/32), முறை ஸ்க்ராம் (கடவுச்சொல் சரிபார்ப்பு). இதற்கு ரீலோட் போதும். இங்கே பலரும் கோட்டைவிடும் விஷயம் வரிசை. கோப்பு மேலிருந்து கீழாகப் படிக்கப்படும். முதலில் பொருந்தும் வரியே முடிவு செய்யும். மேலே கடவுச்சொல் கேட்காத பழைய ‘டிரஸ்ட்’ வரி எல்லா ஐபிக்கும் இருந்தால், கீழே எவ்வளவு கறாராக எழுதியும் பயனில்லை.

கேள்வி: ‘பியர் ஆதென்டிகேஷன் ஃபெயில்டு’ வந்தது. நண்பர் சொல்லி ‘டிரஸ்ட்’ ஆக்கினேன், சரியாகிவிட்டது. அப்படியே விடலாமா?

பதில்: இன்றே மாற்றுங்கள். பியர் முறையில் உங்கள் லினக்ஸ் பயனர் பெயரும் டேட்டாபேஸ் பயனர் பெயரும் ஒத்துப்போக வேண்டும். நீங்கள் ‘உபுண்டு’வாக நுழைந்து வேறு பெயரில் கேட்டிருப்பீர்கள், அவ்வளவுதான். டிரஸ்ட் என்றால் கடவுச்சொல்லே கேட்காது. உங்கள் இணையதளத்தில் ஓர் ஓட்டை கிடைத்தாலும், நுழைந்தவர் சூப்பர்யூசர் ஆகிவிடலாம். பிஜி ஹெச்பிஏ கோப்பில் பொதுவான பியர் வரிக்கு மேலே, அந்த ஒரு யூசருக்கு மட்டும் ஸ்க்ராம் வரி எழுதுங்கள்.

கேள்வி: யூஎஃப்டபிள்யூ ஃபயர்வாலில் 5432-ஐ அடைத்தும் டாக்கரில் (செயலிகளைத் தனித்தனிக் கன்டெய்னர்களில் ஓட்டும் மென்பொருள்) ஓடும் டேட்டாபேஸ் வெளியே தெரிகிறதே?

பதில்: நல்லவேளை, கவனித்தீர்கள். டாக்கர் தன் ஐபிடேபிள்ஸ் (லினக்ஸின் ஃபயர்வால்) விதிகளைத் தானே எழுதிக்கொள்கிறது. அந்தப் பாக்கெட்டுகள் யூஎஃப்டபிள்யூவின் விதிகளைத் தொடாமலே கன்டெய்னருக்குப் போய்விடும். டாக்கரின் கம்போஸ் கோப்பில் 5432:5432 என்பதை 127.0.0.1:5432:5432 ஆக்குங்கள், அப்போது லோக்கல்ஹோஸ்டில் மட்டும் திறக்கும். மற்ற கன்டெய்னர்களுக்கு மட்டும்தான் தேவையென்றால் போர்ட்ஸ் பகுதியையே எடுத்துவிடலாம். மாற்றியபின் வேறு கணினியிலிருந்து என்மேப் (திறந்த போர்ட்களைத் தேடும் கருவி) போட்டுப் பாருங்கள். சர்வருக்குள்ளிருந்து பார்த்தால் தெரியாது.

கேள்வி: ‘டூ மெனி கிளையன்ட்ஸ்’ வருகிறது. மேக்ஸ் கனெக்‌ஷன்ஸை 100-லிருந்து 1000 ஆக்கட்டுமா?

பதில்: ஒவ்வோர் இணைப்பும் தனி பிராசஸ், நினைவகம் தாங்காது. முதலில், இப்போதுள்ள இணைப்புகளைக் காட்டும் பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டியில் ‘ஐடில் இன் டிரான்சாக்‌ஷன்’ (வேலையைத் தொடங்கி முடிக்காமல் காத்திருக்கும் இணைப்புகள்) குவிந்திருக்கிறதா பாருங்கள். இருந்தால் பிழை உங்கள் கோடில். இல்லையென்றால், சில இணைப்புகளையே பலருக்கும் பகிர்ந்து தரும் பிஜிபவுன்சர் வையுங்கள்.

கேள்வி: கடவுச்சொல் கிட்டில் (கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) ஏறிவிட்டது. அழித்து மறுபடி கமிட் செய்தேன். போதுமா?

பதில்: போதாது, பழைய கமிட்டில் இருக்கிறது. கடவுச்சொல்லையே மாற்றுங்கள். பிஎஸ்கியூஎல்லுக்கான (போஸ்ட்கிரெஸின் கட்டளைவரிக் கருவி) கடவுச்சொல்லை ஹோம் டைரக்டரியில் பிஜிபாஸ் கோப்பில் வையுங்கள், அனுமதி 0600 (உரிமையாளருக்கு மட்டும்). குழுவுக்கோ மற்றவர்களுக்கோ அனுமதி இருந்தால் பிஎஸ்கியூஎல் அந்தக் கோப்பைக் கண்டுகொள்ளாது.