கதைகளுக்குப் படம் வரைபவர் ஏஐ கருவிகளைப் பயன்படுத்தினால் அவருடைய தனித்தன்மை போய்விடுமா?

பயன்படுத்துவதால் மட்டும் போய்விடாது. வேலையின் எந்தக் கட்டத்தில் அதை உள்ளே விடுகிறோம் என்பதைப் பொறுத்தே அது நிற்பதும் போவதும் இருக்கிறது என்பது என் அனுபவம். நீங்கள் கவின்கலைக் கல்லூரியில் இறுதியாண்டு படிப்பதாகவும், பத்திரிகைக் கதைகளுக்குப் படம் வரைய விரும்புவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். சொற்களால் கேட்டால் படம் உருவாக்கித் தரும் மிட்ஜர்னி, சாட்ஜிபிடி போன்ற கருவிகளைத் தொட்டால் சொந்தப் பாணி கெட்டுவிடும் என்று ஆசிரியர்களும், தொடாவிட்டால் பிழைக்க முடியாது என்று நண்பர்களும் சொல்வதாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். இரு தரப்பாரும் கருவியைப் பற்றியே பேசுகிறார்கள்; வேலையின் வரிசையைப் பற்றி யாரும் பேசவில்லை. நான் சிறுகதைகளுக்கும் நாவல் அட்டைகளுக்கும் பெரும்பாலும் மையும் நிப்பும் கொண்டு வரைகிறவன். அதேபோன்ற இன்னொரு கருவியான ஸ்டேபிள் டிஃப்யூஷன் 2022 ஆகஸ்டில் பொதுப் பயன்பாட்டுக்கு வந்ததிலிருந்து இந்தக் கருவிகளோடு பழகிவருகிறேன். அந்தப் பழக்கத்திலிருந்து சொல்கிறேன்.

கதையைப் படித்து முடித்து, எந்தத் தருணத்தை வரையப்போகிறேன், பார்ப்பவர் எங்கே நின்று பார்க்கிறார், யாருடைய முகம் தெரிய வேண்டும், யாருடைய முதுகு போதும் என்பவற்றையெல்லாம் உள்ளங்கை அளவுக் கட்டங்களில் பென்சிலால் கிறுக்கித் தீர்மானிக்கும் வரை நான் எந்தக் கருவியையும் திறப்பதில்லை. அந்தக் கிறுக்கல்கள் யாருக்கும் காட்டும்படியாக இருக்காது. ஆனால் படத்தில் என்னுடையது என்று சொல்லத்தக்கது ஏதாவது இருந்தால் அது அங்கேதான் தீர்மானமாகிறது. மையிடுவது அதற்குப் பின்னால் வரும் வேலை.

இந்த வரிசையை இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. 1991இல் ஜான்சன், ஸ்மித் என்ற இரு ஆய்வாளர்கள் பொறியியல் மாணவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். சிந்தாத காப்பிக் கோப்பை ஒன்றை வடிவமைக்கச் சொல்லி, ஒரு பிரிவினருக்கு மட்டும் உறிஞ்சுகுழாய் பொருத்திய மாதிரி ஒன்றைக் காட்டி, இப்படிக் குழாய் வைக்கக் கூடாது என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்கள். அப்படியும் மாதிரியைப் பார்த்தவர்களில் பலர் குழாய் வைத்த கோப்பையையே வரைந்து கொடுத்தார்கள். கண் ஒன்றைப் பார்த்துவிட்டால் 'அதை எடுத்துக்கொள்ளாதே' என்று மனத்துக்குச் சொல்வதால் பயன் அதிகமில்லை. ஏஐ கருவியோ ஒன்றல்ல, நான்கு மாதிரிகளை ஒரே நிமிடத்தில், முழுமையாக வண்ணமிட்டு முன்னே வைக்கிறது. கதை இன்னும் மனத்தில் ஊறாதபோது அவற்றைப் பார்த்துவிட்டால், அதன்பின் நாம் வரைவது அந்த நான்கில் ஒன்றை ஒப்புக்கொள்வதாகவோ மறுப்பதாகவோதான் இருக்கும். மறுத்து வரைந்த படத்திலும் அதன் சாயல் இருப்பதை நான் கண்டிருக்கிறேன். நீங்களாகவே ஒரு முடிவுக்கு வந்தபின் அதே நான்கு படங்களைப் பார்த்தால் அவை வெறும் தகவலாகிவிடுகின்றன.

இனி, அந்த நான்கு படங்கள் எப்படி இருக்கும் என்பதைப் பார்ப்போம். ஸ்டேபிள் டிஃப்யூஷனைப் பயிற்றுவிக்கப் பயன்பட்டது இணையத்திலிருந்து திரட்டிய லேயான்-5பி என்ற தொகுப்பின் பகுதிகள். அந்தத் தொகுப்பில் ஏறத்தாழ 585 கோடிப் படங்கள், அவற்றுக்கான விவரணைகளோடு அடையாளம் காட்டப்பட்டிருந்தன. இவ்வளவிலிருந்து கற்ற இயந்திரம், நாம் கேட்ட சொற்களுக்கு மிகவும் பொருந்திவரக்கூடிய, அதாவது பலரும் ஏற்கனவே படமாக்கிவைத்திருக்கிற ஒன்றையே முதலில் தரும். 'தென்மாவட்டக் கிராமத்தில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் மூதாட்டி' என்று கேட்டுப் பாருங்கள். மாலைப் பொன்வெயில் விழும். கிழவி கேமராவை நேராகப் பார்ப்பாள். சுருக்கங்கள் ஒவ்வொன்றும் செதுக்கியதுபோல் இருக்கும். காதில் பாம்படத்துக்குப் பதில் ஜிமிக்கி தொங்கும். வளர்த்த காதின் துளையே இருக்காது. திண்ணைத் தூண் ராஜஸ்தான் அரண்மனையிலிருந்து பெயர்த்து வந்ததாகத் தோன்றும். பந்தியை வரையச் சொன்னால் இலையின் நுனி உண்பவரின் வலப்பக்கம் இருக்கும். கதையில் 'கருத்த பெண்' என்று எழுதியிருந்தாலும் படத்தில் இரண்டு மூன்று சாயல் வெளுத்து வருவாள்.

இவற்றை ஒவ்வொன்றாகத் திருத்திவிட முடியும் என்பது உண்மைதான். பிராம்ப்டை, அதாவது கருவிக்கு நாம் எழுதிக் கொடுக்கும் விவரிப்பை, நீட்டலாம், உங்களிடமுள்ள புகைப்படத்தைக் கொடுக்கலாம். புதிய பதிப்புகள் தமிழ் எழுத்துகளைக்கூட முன்பைவிட ஒழுங்காகப் போடுகின்றன. எனக்குக் கவலை தருவது திருத்த முடியாத வேறொன்று. அந்தக் கிழவி எதற்காக நம்மைப் பார்க்க வேண்டும்? கதையில் அவள் பேருந்து வருகிறதா என்று தெருக்கோடியைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அவள் முகமே தெரியாமல், திண்ணை விளிம்பைப் பிடித்திருக்கும் கை மட்டும் தெரிந்தால் கதைக்கு அது நெருக்கமாக இருக்கலாம். முகத்தை மறைக்கலாம் என்ற எண்ணம் இயந்திரத்துக்குத் தானாக வருவதில்லை, ஏனென்றால் மூதாட்டி என்று பெயரிட்டு இணையத்தில் ஏற்றப்படும் படங்களில் முகம் இருக்கும். எதை வரையாமல் விடுவது என்பதில்தான் ஒரு பத்திரிகை ஓவியருக்கும் இன்னொரு பத்திரிகை ஓவியருக்கும் வேறுபாடு தெரிகிறது.

தனித்தன்மை கையில் இருக்கிறது, கோட்டின் தடிமனில் இருக்கிறது என்று கல்லூரியில் சொல்வார்கள். நான் அதைப் பாதிதான் நம்புகிறேன். பத்திரிகைகளில் நகைச்சுவைப் படங்கள் வரைந்த ஓவியர் கோபுலுவுக்குப் பக்கவாதம் வந்து வலக்கை செயலிழந்த பிறகு அவர் இடக்கையால் வரையப் பழகிக்கொண்டார். கோடு முன்போல் இல்லாமல் போயிருக்கலாம்; ஆனால் ஒரு கூட்டத்தில் எந்த ஆள் வேடிக்கையானவர் என்று கண்டுபிடிக்கும் கண் அவரிடமே இருந்தது, கையோடு போகவில்லை. சிற்பி என்ற பெயரில் ஆனந்த விகடனில் கோயில் சிற்பங்களை வரைந்த சீனிவாசனோ, கோயில்களுக்கே போய்ச் சிலையின் முன் உட்கார்ந்து வரைந்தார். ஒரு சிலையை அவ்வளவு நேரம் பார்த்தவருக்கு அதில் எது முக்கியம் என்பது தெரியாமல் போகாது. ஏஐ கருவி நமக்கு மிச்சப்படுத்தித் தருவது பெரும்பாலும் இந்தப் பார்க்கும் நேரத்தைத்தான் என்பதால், அந்தச் சேமிப்பை நான் ஐயத்தோடேயே வாங்கிக்கொள்கிறேன்.

இயந்திரத்தையே சொந்தமாக்கிக்கொண்ட ஓவியர்களும் இருக்கிறார்கள். உங்கள் ஆசிரியர்கள் இவர்களைக் கவனிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். ஹெரால்டு கோஹன் 1966ஆம் ஆண்டு வெனிஸ் பியனாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சியில் பிரிட்டன் சார்பில் பங்கேற்ற ஓவியர். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்துக்குப் போனபின் நிரல் எழுதக் கற்று, ஆரன் என்ற வரைநிரலை 1970களின் தொடக்கத்திலிருந்து, 2016இல் இறக்கும் வரை வளர்த்தார். அதில் பிறருடைய படங்கள் எவையும் இல்லை. ஓர் உருவத்தை எப்படி மூடுவது, ஒன்றன்பின் ஒன்றை எப்படி மறைத்துக் காட்டுவது என்று தான் வரையும்போது செய்வதையே அவர் விதிகளாக எழுதினார். ஒரு கட்டத்தில் இயந்திரமே வண்ணமிடும் அளவுக்குக் கொண்டுபோனவர், கடைசி ஆண்டுகளில் அந்த வேலையை மீண்டும் தன் கைக்கே எடுத்துக்கொண்டார் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. ஆனா ரிட்லர் என்ற பிரிட்டிஷ் கலைஞர் வேறு வழியில் போனார். 2018இல் நெதர்லாந்தில் ட்யூலிப் மலர்களை ஆயிரக்கணக்கில், ஏறத்தாழ பத்தாயிரம் படங்களாகத் தானே எடுத்து, ஒவ்வொன்றின் நிறத்தையும் தன்மையையும் கையால் குறித்து, அந்தத் தொகுப்பைக் கொண்டு தனக்கான ஏஐ மாதிரியைப் பயிற்றுவித்தார். இயந்திரம் எதைப் பார்க்க வேண்டும் என்பதை இருவருமே தாங்கள்தான் தீர்மானித்தார்கள்.

நானும் என் பழைய கோட்டோவியங்களை ஸ்கேன் செய்து, குறைந்த படங்களைக் கொண்டே ஏஐ மாதிரியைப் பழக்கும் லோரா என்ற முறையில் ஒரு சிறு மாதிரியைப் பயிற்றுவித்துப் பார்த்தேன். என்னைப் போலவே வரைகிறது. என் வீட்டாருக்கே சில படங்களில் வேறுபாடு தெரியவில்லை. ஆனால் அதைச் சில மாதம் பார்த்துக்கொண்டிருந்ததில் ஒன்று தெரிந்தது: நான் சோர்ந்திருக்கும்போது செய்யும் சமாளிப்புகளை, அதாவது கைவிரல்களைத் துணி மடிப்பில் மறைப்பது, பின்புலத்தில் ஒரு தென்னை நட்டு வெற்றிடத்தை அடைப்பது ஆகியவற்றையே அது என் பாணி என்று கற்றுக்கொண்டிருந்தது. படம் வரைய அதை நான் இப்போது பயன்படுத்துவதில்லை. நான் எதைத் திரும்பத் திரும்பச் செய்கிறேன் என்று தெரிந்துகொள்ள அவ்வப்போது ஓடவிடுகிறேன். அது தென்னை நட்டால் நான் நடுவதில்லை.

அன்றாட வேலையில் இக்கருவிகள் எனக்கு உதவும் இடங்கள் பகட்டில்லாதவை. ஸ்கேனில் விழுந்த கறைகளை நீக்குவது, சிறிய படத்தை அட்டை அளவுக்குப் பெரிதாக்குவது, உருவத்தைப் பின்புலத்திலிருந்து பிரிப்பது ஆகியவற்றில் மணிக்கணக்கில் மிச்சமாகிறது. வெளிச்சம் பற்றிய ஐயங்களுக்கும் கேட்பதுண்டு. தரையில் வைத்த பெட்ரோமாக்ஸ் விளக்கின் ஒளி கீழிருந்து முகத்தில் விழுந்தால் மூக்கின் நிழல் எந்தப் பக்கம் போகும் என்பதைத் தோராயமாகக் காட்டிவிடும், பிறகு ஒரு டார்ச்சை எடுத்துக் கண்ணாடி முன் நின்று சரிபார்த்துக்கொள்வேன். காலம், உடை, பொருள் பற்றிய கேள்விகளுக்கு மட்டும் அதை நம்புவதே இல்லை. 1940களின் ரயில்வே சீருடை வேண்டுமென்றால் பழைய புகைப்படங்களையும் அந்தக் காலத்துப் பத்திரிகைகளையும் தேடுவதற்கு மாற்று வழி இல்லை. கண்காட்சிக்கான ஓவியர் குறிப்பை அதனிடம் எழுதச் சொல்லாதீர்கள். உலகத்து ஓவியர்கள் எல்லோரும் நினைவுக்கும் இழப்புக்கும் இடையே உள்ள வெளியை ஆராய்ந்துகொண்டிருப்பதாக எழுதித் தரும்.

பிராம்ப்டில் வாழும் ஓவியர் எவருடைய பெயரையும் இடாதீர்கள். போலந்து ஓவியர் கிரெக் ருட்கோவ்ஸ்கியின் பெயர் 2022இல் இப்படிப் பல்லாயிரம் பிராம்ப்டுகளில் புழங்கியது. அவர் பெயரை இணையத்தில் தேடினால் அவர் வரையாத படங்கள் வந்து நிற்கும் நிலையை அவரே சுட்டிக்காட்ட வேண்டியதாயிற்று. 2025 மார்ச்சில் ஊரெல்லாம் தங்கள் குடும்பப் படங்களை ஒரே ஜப்பானிய அனிமேஷன் நிறுவனத்தின் சாயலுக்கு மாற்றிக்கொண்டது உங்களுக்கே நினைவிருக்கும். பிறர் நலன் ஒருபுறம் இருக்கட்டும்; இன்னொருவர் பெயரைத் தட்டச்சு செய்து வேலையைத் தொடங்கும் பழக்கம் இருபத்திரண்டு வயதில் வந்துவிட்டால் பிறகு விடுவது கடினம். மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களை ஏ. ஆர். ரகுமான் 2024இல் ஏஐ வழியாக ஒரு திரைப்பாடலில் கொண்டுவந்தபோது, குடும்பத்தாரின் இசைவைப் பெற்று உரிய ஊதியமும் கொடுத்ததாக அறிவித்தார். அதைச் செய்திருக்கலாமா கூடாதா என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு, ஆனால் கேட்டுச் செய்வது என்ற அந்தக் குறைந்தபட்ச மரியாதை படம் வரைபவர்களுக்கு இன்னும் கிடைக்கவில்லை. உங்கள் படங்களை இணையத்தில் ஏற்றுவதற்கு முன், சிகாகோ பல்கலைக்கழகத்தினர் இலவசமாகத் தரும் கிளேஸ் என்ற மென்பொருளில் ஒருமுறை ஓட்டுவது நல்லது. அது பாணியை நகலெடுப்பதைக் கடினமாக்கும் நோக்கில் உருவானது, முற்றிலும் தடுத்துவிடும் என்று நம்பியிருக்க வேண்டாம்.

உரிமை பற்றிச் சுருக்கமாக. அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2023 பிப்ரவரியில், மிட்ஜர்னி கொண்டு செய்த ஒரு சித்திரக்கதை நூலில் எழுத்துக்கும் பக்க அமைப்புக்கும் உரிமை உண்டு, தனித்தனிப் படங்களுக்கு இல்லை என்று முடிவு சொன்னது. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணினியால் உருவான படைப்புக்கு, அது உருவாகக் காரணமான நபரே ஆசிரியர் என்கிறது. ஆனால் அந்த விதி இன்றைய கருவிகள் வருவதற்கு வெகுகாலம் முன்பு எழுதப்பட்டது. ஆகவே படத்தை அனுப்பும்போது எந்த வேலைக்குக் கருவியைப் பயன்படுத்தினேன் என்பதை ஒரு வரியில் பதிப்பகத்துக்கு எழுதிவிடுகிறேன், பென்சில் கிறுக்கல்களையும் தேதியிட்டுப் பத்திரப்படுத்துகிறேன்.

நண்பர்கள் சொல்லும் பிழைப்புப் பிரச்சினைக்கு வருகிறேன். மாலையில் கதையை அனுப்பி, மறுநாள் காலையில் படம் வேண்டும் என்று கேட்கும் இதழ்கள் இருக்கின்றன, அப்போதுதான் கை தானாகக் கருவியை நோக்கிப் போகும். அந்த இரவுகளில் நான் படத்தைச் சிறிதாக்கிக்கொள்கிறேன். ஊர்வலம் வேண்டாம், ஊர்வலத்தைப் பார்க்கும் ஒருவர் போதும். வீடு வேண்டாம், வாசற்படி போதும். பின்புலத்தை வெள்ளையாகவே விட்டுவிடலாம். ஓர் உருவம், நாலைந்து அழுத்தமான கோடு, ஒரு கருப்புப் பட்டை என்ற அளவில் முடிகிற அந்தப் படங்களை இதுவரை எந்த இதழாசிரியரும் திருப்பி அனுப்பியதில்லை. ஊதியமும் பக்கம் நிறைய வரைந்த படத்துக்குத் தருவதேதான்.